முட்டை இல்லாத முட்டையும் எலும்பு இல்லாத டைனோசரும்: பெரம்பலூர், அரியலூர் விசித்திரங்கள்

2020 அக்டோபர். கொரோனா நேரம், வீட்டிலிருந்தே வேலை. ராத்திரி ஒரு ரிலீஸ் முடிச்சுட்டு லேப்டாப்பை மூடும்போது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. சேற்று மண்ணுக்கு நடுவில் உருண்டை உருண்டையாகக் கற்கள். கீழே ஒரு வரி: பெரம்பலூரில் நூற்றுக்கணக்கான டைனோசர் முட்டைகள் கண்டுபிடிப்பு!

எனக்குப் பூர்வீகம் அந்தப் பக்கம்தான். பெருமை தாங்கலை. ஒரு நிமிஷம்கூட யோசிக்காம ஆபீஸ் குழுவுக்குத் தட்டிவிட்டேன். "எங்க ஊரு பாஸ்"னு ஒரு வரியும் சேர்த்து. தினமும் அடுத்தவர் எழுதின நிரலில் பிழை கண்டுபிடிச்சுச் சம்பளம் வாங்கற ஆள் நான். ஒரு படத்தைச் சரிபார்க்கத் தோணலை.

சில நாளிலேயே விஷயம் தெளிவாகிவிட்டது. முட்டை இல்லை. "ஆம்லெட் போட்டாச்சா?" என்று ஆபீஸில் ஒரு வாரம் ஓட்டினார்கள். அந்தக் கடுப்பில்தான் ஒரு கோப்பு திறந்து, எங்க ரெண்டு மாவட்டங்களிலும் கிடைத்த விசித்திரமான பொருட்களைப் பற்றிக் குறிப்பு எடுக்க ஆரம்பித்தேன். நாலைந்து வருஷத்தில் கோப்பு பெருத்துவிட்டது. அதிலிருந்து சிலதை இங்கே வரிசையாகப் போடுகிறேன். எல்லாத்தையும் சேர்த்துப் படிச்சதில் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்ன முன்னுரை. இதெல்லாம் ஏன் இந்த ஊர்களில் மட்டும் இவ்வளவு கிடைக்கிறது?

கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உடைந்து இந்தியா தனியாகப் பிரிந்தபோது, அதன் கிழக்கு விளிம்பு தாழ்ந்து கடல் உள்ளே வந்தது. சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, பல தடவை வந்து வந்து போன கடல் அது. இன்றைக்குக் கடற்கரையிலிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி, முந்திரியும் மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற பெரம்பலூர், அரியலூர் மண்ணுக்கு அடியில் அந்தக் கடலின் தரை இருக்கிறது. பாறை அடுக்குகள் வெளியே தெரிகிற மாதிரி கிடப்பதால், கிணறு வெட்டினாலும் ஏரி தூர்வாரினாலும் ஏதாவது ஒன்று மேலே வரும். பழைய ஆவணங்களில் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கணும்: 1995 வரை இதெல்லாம் திருச்சி மாவட்டம். அதனால் அந்தக்காலக் கட்டுரைகளில் "டிரிச்சினோபோலி" என்றுதான் தேட வேண்டும். அப்படித் தேடினால் சுருட்டும் வரும். ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையிலேயே (1887) கொலைகாரன் பிடிச்சது டிரிச்சினோபோலி சுருட்டுனு ஹோம்ஸ் சாம்பலை வைத்தே சொல்லுவார். நம்ம மாவட்டத்தின் பெயர் உலகத்துக்குப் போனது ரெண்டு வழியில். ஒன்று புகை, இன்னொன்று கல்.

சரி, கல்லுக்கு வருவோம்.

1. குன்னம் முட்டைகள்

பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரிப் பகுதியில் மண் வெட்டியபோதுதான் அந்த உருண்டைகள் கிடைத்தன. கூடவே பெரிய சுருள் வடிவக் கல் ஒன்றும் கிடந்தது. முதல் துப்பே அதுதான். அந்தச் சுருள் அம்மோனைட் என்ற கடல்வாழ் உயிரின் ஓடு. கணவாய், ஆக்டோபஸ் வகையறாவின் பழைய சொந்தக்காரன். டைனோசர்கள் அழிந்த அதே 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பேரழிவில் இதுவும் பூண்டோடு போனது. டைனோசர் தரையில் கூடு கட்டி முட்டை போடும். அம்மோனைட் கடலில் மிதக்கும். ரெண்டும் ஒரே குழியில் கிடக்குதுன்னா, முதல்ல சந்தேகப்பட வேண்டியது முட்டையைத்தான்.

அப்போ அந்த உருண்டை என்ன? கடலடிச் சேற்றில் ஒரு ஓடோ, செத்த உயிரின் ஒரு துண்டோ புதைகிறது. அது அழுகும்போது சுற்றியுள்ள நீரின் வேதியியல் மாறுகிறது. நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு அந்தத் துண்டைச் சுற்றிப் படிய ஆரம்பிக்கிறது. எல்லாப் பக்கமும் ஒரே அளவில் படிந்தால் உருண்டை. சுற்றியுள்ள களிமண் மெதுவாக இருக்க, இது மட்டும் கெட்டியாகிவிடும். பின்னாளில் மண் கரையும்போது உருண்டைகள் மட்டும் மிஞ்சும். நியூசிலாந்தின் மோராக்கி கடற்கரையில் ஆள் உயரத்துக்கு இப்படிப்பட்ட உருண்டைகள் கிடக்கின்றன. அதைப் பார்க்கவே சுற்றுலாப் பயணிகள் போகிறார்கள்.

நிஜமான முட்டையை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? ஓடு. முட்டைக்குத் தனியான, மெல்லிய ஓடு இருக்கணும். அதை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் குஞ்சு மூச்சு விடுவதற்கான துளைகளும், படிகங்கள் அடுக்கின விதமும் தெரியணும். குன்னம் உருண்டைகளைப் பார்த்த புவியியலாளர்கள், இவை அம்மோனைட் காலத்துக் கடல் படிவ உருண்டைகள் என்று சொல்லிவிட்டார்கள். கதை முடிந்தது.

ஒண்ணை மட்டும் கவனிச்சு வெச்சுக்கங்க. தப்பான செய்தி சில நாளில் திருந்தியதற்குக் காரணம், கல் அங்கேயே கிடந்தது. போய்ப் பார்க்க முடிந்தது.

2. நிஜ முட்டைகளும் ஜுராசிக் பெயரும்

"அப்போ எங்க ஊர்ல டைனோசர் முட்டையே இல்லையா?" என்று வருத்தப்பட வேண்டாம். இருக்கு. 1996இலேயே அரியலூர்ப் பகுதியில் கிடைத்த ஒரு டைனோசர் முட்டை ஓட்டின் நுண்ணமைப்பைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வந்திருக்கிறது. 2009இல் சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் செந்துறைப் பக்கம் முட்டைக் கூட்டங்களைக் கண்டதாக அறிவித்தபோது நாடு முழுக்கச் செய்தியானது.

அதில் ஒரு வேடிக்கை. பல செய்திகளில் அதை "ஜுராசிக் புதையல்" என்று போட்டார்கள். அரியலூர்ப் பாறைகள் ஜுராசிக் காலத்தவை இல்லை. அதற்கு அடுத்த கிரெட்டேசியஸ் காலத்தவை. ஜுராசிக் காலம் முடிந்து பல கோடி ஆண்டுகள் கழித்து இடப்பட்ட முட்டை. 1993இல் வந்த ஸ்பீல்பெர்க் படம் செய்த வேலை இது. சினிமா பார்த்தவர்களுக்கு டைனோசர்னாலே ஜுராசிக்தான். அந்தப் படத்தின் கதாநாயகனான டி-ரெக்ஸே கிரெட்டேசியஸ் ஆசாமி என்பது இன்னும் பெரிய வேடிக்கை.

இதற்கு நேர் எதிர்க் கதை மத்தியப் பிரதேசத்தில் நடந்தது. தார் மாவட்டத்தில் பாட்லியா என்ற கிராமத்து மக்கள், வயலில் கிடைத்த உருண்டைக் கற்களைக் காகர் பைரவ் என்ற பெயரில் தலைமுறை தலைமுறையாக வயல்காவல் தெய்வமாகக் கும்பிட்டு வந்தார்கள். லக்னோவிலிருந்து வந்த ஆய்வாளர்கள் பார்த்துவிட்டு, இது டைட்டனோசர் வகை டைனோசரின் முட்டை என்றார்கள். 2023 டிசம்பரில் செய்தி வந்தது. இங்கே முட்டைனு நினைச்சது கல்லாச்சு. அங்கே கல்லுனு கும்பிட்டது முட்டையாச்சு!

சிரிச்சுட்டுப் போகலாம். ஆனா சாமியாக வைத்திருந்ததால்தான் அந்த முட்டைகள் பிழைத்தன. இமயமலைப் பக்கம் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமங்களும் அப்படித்தான். அதில் பல அம்மோனைட் படிவங்கள். அந்தச் சுருளைத் திருமாலின் சக்கரமாகப் பார்த்துப் பூஜை அறையில் பட்டுத்துணியில் சுற்றி வைத்த வீடுகள் நம்ம ஊரிலேயே எத்தனை! பத்திரமாக வைத்துக்கொள்ள அறிவியல் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

3. சாத்தனூர் கல்மரம்

ஸ்கூல் டூரில் நாங்கள் போன இடம். ஒரு ஓடைப் பக்கம், சுமார் 18 மீட்டர் நீளத்துக்கு முழு மரம் ஒன்று கல்லாகிப் படுத்துக் கிடக்கிறது. 1940இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து சொன்னது. எங்கேயோ கரையில் நின்ற மரம், வெள்ளத்தில் அடித்துக்கொண்டு வந்து கடலடிச் சேற்றில் புதைந்து, மரத்தின் இழை இழையாகச் சிலிக்கா புகுந்து கல்லானது. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ நேற்று வெட்டிப் போட்ட மரம் மாதிரியே இருக்கும். கிட்டப் போய்த் தட்டினால்தான் கல்.

ஆசிரியர் சொல்லச் சொல்லக் கேட்காமல் நாங்கள் அதைத் தட்டித்தான் பார்த்தோம். இன்றைக்குச் சுற்றிலும் வேலி போட்டிருக்கிறார்கள், தேசியக் கல்மரப் பூங்கா என்று பெயர். வேலியை யாரை நினைச்சுப் போட்டாங்கன்னு எனக்கு நல்லாத் தெரியும்.

இந்த மரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கதைக்கு வேண்டும்.

4. கல்லமேட்டுப் பெரிய உடம்புக்காரன்

என் கோப்பிலேயே பெரிய ஆள் இவன்தான். அரியலூர் மாவட்டம் கல்லமேடு. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த பி. யாதகிரியும் கே. அய்யாசாமியும் அங்கே கிடைத்த சில எலும்புகளை வைத்து 1987இல் ஒரு புதிய டைனோசருக்குப் பெயரிட்டார்கள். ப்ருஹத்காயோசாரஸ் மேட்லேயி. பிருஹத் காயம்னா பெரிய உடம்பு. மேட்லேயி என்பது 1920களில் இந்தப் பகுதியின் டைனோசர் எலும்புகளை ஆராய்ந்த ஆங்கிலேயப் புவியியலாளர் சார்லஸ் மேட்லியின் நினைவாக.

பெயர் சும்மா வைக்கலை. அதன் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர். நம்ம வீட்டு வாசற்கதவு உயரம்! முதலில் இதை மாமிசம் தின்னும் வகையில் சேர்த்தார்கள். அந்த அளவில் ஒரு மாமிசபட்சிணி இருந்தால் டி-ரெக்ஸ் அதன் முன்னால் கோழிக்குஞ்சு. பிற்பாடு 1995இல் சங்கர் சாட்டர்ஜி, இது நீண்ட கழுத்துள்ள, இலைதழை தின்னும் சாரோபாட் வகை என்று திருத்தினார். 2023இல் கிரெகரி பாலும் அசியர் லாரமெண்டியும் சேர்ந்து எழுதிய ஆய்வு, இதன் எடை 110 முதல் 130 டன் வரை இருந்திருக்கலாம் என்கிறது. ஒரு யானையை 5 டன் என்று வைத்தால் இருபதுக்கும் மேற்பட்ட யானைகள். அந்தக் கணக்கு சரியென்றால், பூமியில் நடந்த விலங்குகளிலேயே இதுதான் மிகப் பெரியது. நீலத்திமிங்கிலத்தோடு போட்டி போடக்கூடியது.

உலகத்தின் மிகப் பெரிய டைனோசர் அரியலூர்க்காரன்! அப்புறம் ஏன் ஸ்கூல் புஸ்தகத்தில் இல்லை? ஏன் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு சிலைகூட இல்லை?

ஏன்னா எலும்பு இல்லை.

களிமண் பாறையில் கிடந்த எலும்புகள் அவை. பல கோடி ஆண்டு புதைந்து கிடந்தது, வெளியே வந்ததும் மழையிலும் வெயிலிலும் விரிந்து சுருங்கி நொறுங்க ஆரம்பித்தது. பிளாஸ்டர் உறை போட்டும், அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேரும் முன்பே உதிர்ந்துவிட்டது. மிஞ்சியது பழைய கட்டுரையும் அதிலிருந்த கோட்டுப் படங்களும்தான். அதனால் உலகம் முழுக்க ஆய்வாளர்களுக்குச் சந்தேகம். அளவு சரியா? ஒருவேளை அது எலும்பே இல்லாமல் கல்மரமாக இருந்திருந்தால்? பக்கத்திலேயே சாத்தனூரில் ஒரு கல்மரம் கிடக்கும்போது அந்தக் கேள்வி வரத்தானே செய்யும்! 2022இல் அய்யாசாமி, சௌரப் பால் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து அந்தக் காலக் களப் புகைப்படங்களை வெளியிட்ட பிறகுதான், அது எலும்புதான் என்ற பக்கம் பலம் கூடியது. ஆனாலும் புகைப்படத்தை நுண்ணோக்கியில் வெட்டிப் பார்க்க முடியாது.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு உவமை உண்டு. வாடிக்கையாளர் போன் பண்ணி "உங்க மென்பொருள்ல பயங்கரமான ஒரு பிழை வந்துச்சு"னு சொல்லுவார். லாக் கேட்டால் "அழிச்சிட்டோம்" என்பார். அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனா அந்தப் பிழையை ஒப்புக்கொள்ளவும் முடியாது, மறுக்கவும் முடியாது. டிக்கெட்டைத் திறந்தபடியே வைத்திருக்க வேண்டியதுதான். ப்ருஹத்காயோசாரஸ் முப்பது நாற்பது வருஷமாகத் திறந்தே கிடக்கும் ஒரு டிக்கெட்.

இதில் இன்னொரு விதிவசமான செய்தி. இந்தப் பகுதியின் பாறை அடுக்குகளை முதலில் முறையாக வரைபடமாக்கி, 1862இல் வெளியிட்டவர் ஹென்றி பிளான்ஃபோர்ட். உத்தட்டூர், டிரிச்சினோபோலி, அரியலூர் என்று பாறைத் தொகுதிகளுக்கு நம்ம ஊர்ப் பெயர்களை வைத்தது அவர்தான். அதே ஆள் பிற்பாடு புவியியலை விட்டு வானிலைக்கு மாறி, 1875இல் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானார். இமயமலைப் பனியைக் கணக்கிட்டுப் பருவமழையை முன்னறிவிக்கத் தொடங்கியவர். கல்லமேட்டு எலும்பைக் கரைத்ததும் மழைதான்.

5. அதே கல்லமேடு, ஒரு குட்டிப் பல்

கல்லமேட்டிலிருந்தே இன்னொரு கதை. 2013இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. அஞ்சலி கோஸ்வாமி, ஜி.வி.ஆர். பிரசாத் முதலானவர்கள் எழுதியது. விஷயம், ஒரே ஒரு பல். பெருங்காய டப்பாவுக்குள் போட்டால் தேடி எடுக்க முடியாத அளவு. அது ட்ரூடான்டிட் என்ற, பறவைகளுக்கு நெருங்கிய, சின்ன உடம்புள்ள டைனோசர் வகையின் பல் என்றார்கள். அதுவரை அந்த வகை வடக்குக் கண்டங்களில் மட்டும்தான் தெரிந்திருந்தது. தெற்கில், அதுவும் தனித் தீவாக நகர்ந்துகொண்டிருந்த இந்தியாவில் அது எப்படி வந்தது என்பது பெரிய கேள்வி.

ரெண்டு மீட்டர் எலும்பு கொடுத்த ஊர் அது. உலக ஆய்விதழில் கெட்டியாக நின்றது குட்டிப் பல். காரணம் எளிது: பல் இருக்கிறது. மண்ணை மூட்டை மூட்டையாகச் சலித்துத் தேடி எடுத்து, எண் போட்டு, பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். நாளைக்கு யாராவது "இது அந்த வகை இல்லைப்பா"னு வாதாட வந்தால், பெட்டியைத் திறந்து காட்டலாம்.

6. திராவிடோசாரஸ்: ஆளே மாறின கதை

பெயரைக் கேட்டதும் அரசியல் கட்டுரையோனு பயப்பட வேண்டாம். 1979இல் அதே யாதகிரியும் அய்யாசாமியும் பெயர் வைத்த விலங்கு. திராவிட நாட்டுப் பல்லி. முதுகில் தகடு தகடாக நிற்கும் ஸ்டெகோசாரஸ் வகை என்றார்கள். மற்ற இடங்களில் அந்த வகை அழிந்து எவ்வளவோ காலம் கழித்து, தமிழ்நாட்டில் மட்டும் கடைசி வாரிசு உயிரோடு திரிந்தது என்ற அர்த்தம். செய்தி எவ்வளவு பெரிதென்று பார்த்துக்கொள்ளுங்கள்.

1990களில் சாட்டர்ஜியும் ருத்ராவும் வந்து பார்த்துவிட்டு, இது ஸ்டெகோசாரஸே இல்லை, டைனோசரே இல்லை, துடுப்புக் காலோடு கடலில் நீந்திய பிளீசியோசார் என்றார்கள். தரையில் நடந்தவனைத் தூக்கித் தண்ணீரில் போட்டுவிட்டார்கள்! வாதம் அதோடு ஓயவும் இல்லை. 2017இல் பீட்டர் கால்டனும் அய்யாசாமியும் அந்த விவாதத்தை மறுபடியும் கையில் எடுத்து எழுதினார்கள்.

இதைத் தோல்விக் கதையாக நான் பார்க்கலை. ஒருத்தர் பார்த்துச் சொன்னதை இன்னொருத்தர் போய்ப் பார்த்து மறுக்கிறார். மூணாவது ஆள் திரும்பவும் பார்க்கிறார். பார்க்க ஏதோ ஒன்று இருப்பதால்தான் சண்டையே நடக்கிறது.

7. கொல்கத்தாவில் நம்ம நத்தைகள்

1840களின் தொடக்கத்தில் கேய் என்ற மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரியும், கன்லிஃப் என்ற இன்னொரு அதிகாரியும் இந்தப் பக்கத்துச் சிப்பி, நத்தைக் கற்களைப் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். 1846இல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை விவரித்து எழுதினார். அப்புறம் பெரிய அளவில் செய்தவர் செக் நாட்டுக்காரரான ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. 1860களிலும் 70களிலும் தென்னிந்தியாவின் கிரெட்டேசியஸ் உயிர்களைப் பற்றித் தொகுதி தொகுதியாக எழுதிக் குவித்தார். இன்றைக்கும் அரியலூர் அம்மோனைட் ஒன்றை அடையாளம் காணணும்னா உலகத்தில் எங்கே இருந்தாலும் அவர் புத்தகத்தைத்தான் புரட்டணும். மனுஷன் 1874இல் யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும்போது காரகோரம் மலைப் பாதையில் இறந்துபோனார். வயது 36தான். கல்லறை லே நகரத்தில் இருக்கிறது. அரியலூர் நத்தைக்குப் பெயர் வைத்தவருக்கு லடாக்கில் சமாதி.

அவர் விவரித்த மூலமாதிரிகள் கொல்கத்தாவில் புவியியல் ஆய்வுத்துறையிடம் இருக்கின்றன. ஒரு உயிரினத்துக்குப் பெயர் வைக்கும்போது, இந்தக் குறிப்பிட்ட கல்தான் அந்தப் பெயருக்குச் சாட்சி என்று ஒன்றை எடுத்து வைக்க வேண்டும். அதைத்தான் மூலமாதிரி என்கிறோம். நூற்றைம்பது வருஷம் கழித்தும் ஒருவர் போய் அந்த இழுப்பறையைத் திறந்து, ஸ்டோலிச்கா சொன்னது சரியா தப்பா என்று பார்க்கலாம்.

8. சுவருக்குள் இருக்கிற கடல்

கடைசி விசித்திரம், உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்.

அரியலூர் சிமெண்ட் ஊர் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தச் சிமெண்டுக்கான சுண்ணாம்புக்கல் எங்கிருந்து வந்தது? கல்லங்குறிச்சிப் பகுதிச் சுண்ணாம்புப் பாறையைப் பார்த்திருக்கிறீர்களா? கிரைஃபியா என்ற தடித்த சிப்பிகள் படுக்கை படுக்கையாகச் செத்துக் குவிந்த பாறை. கையில் எடுத்தால் தனித்தனிச் சிப்பியாகவே தெரியும். அதை வெடி வைத்துப் பெயர்த்து, அரைத்து, சூளையில் சுட்டுத்தான் மூட்டையில் வருகிறது. சென்னையில் நான் தவணை கட்டிக்கொண்டிருக்கும் அபார்ட்மெண்டின் சுவரில் எங்க ஊர்க் கடலின் சிப்பி இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

சுரங்கமே கூடாது என்று எழுத எனக்கு வாய் வராது. எங்க உறவில் பாதிப் பேருக்கு அந்த ஆலைகளைச் சுற்றித்தான் பிழைப்பு. புதைபடிவங்கள் பல வெளியே தெரிந்ததே அந்தச் சுரங்கக் குழிகளால்தான். ஆனா இந்த மாவட்டத்தில் கல்லைச் சரக்காக மட்டும் பார்த்ததற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது கங்கைகொண்டசோழபுரத்துக் கோயில் மதிலின் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போய்ப் போட்டார்கள். அணையால் வயல் விளைந்தது, உண்மைதான். மதில் போனதும் உண்மைதான்.

அந்தப் பொருள் எங்கே?

இப்போ முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். நாலைந்து வருஷம் குறிப்பு எடுத்ததில் தெரிந்தது இதுதான். எங்க ஊரில் கண்டுபிடிப்புக்குப் பஞ்சமே இல்லை. தப்பாக அடையாளம் கண்டதும் பெரிய பாவம் இல்லை. யாதகிரி தப்பு, சாட்டர்ஜி சரி என்று மதிப்பெண் போட இந்தக் கட்டுரையை எழுதலை. பொருள் இருந்தால் தப்பு ஒருநாள் திருந்தும். பொருள் போய்விட்டால், சரியாகச் சொன்னவரும் மாட்டிக்கொள்வார். குன்னம் உருண்டை ஒரு வாட்ஸ்அப் வதந்தி. அது தீர்ந்தது. கல்லமேட்டு எலும்பு இரண்டு விஞ்ஞானிகளின் உழைப்பு. அது தீரவில்லை.

இதை எழுதும்போது எனக்கு அப்பாயி வீட்டுக் கல் ஞாபகம் வருது. மாட்டுக்கொட்டகைக் கதவுக்கு அண்டக் கொடுக்க ஒரு கல் வைத்திருந்தது. தட்டு அகலம், ஒரு பக்கம் தேய்ந்த சுருள். கிணறு வெட்டும்போது வந்ததாம். "அந்த நத்தைக் கல்ல எடுத்து வைய்யிடா தம்பி, கதவு அடிச்சுக்குது" என்று சொல்லும். எத்தனையோ தடவை தூக்கி வைத்திருக்கிறேன். அதன் வரிகள் இன்னும் விரலில் இருக்கு. காலேஜில் சேர்ந்த பிறகு வீட்டை இடித்துத் தளம் போட்டபோது, அஸ்திவாரக் குழியை நிரப்ப மற்ற கற்களோடு அதுவும் போய்விட்டது. நான் அப்போ அங்கேதான் நின்னேன். ஜல்லி அள்ளிக் கொட்டினதே நான்தான். அது அம்மோனைட் என்று தெரிந்துகொண்டது 2020இல், குன்னம் படத்தைப் பெரிதுபடுத்திப் பார்த்த ராத்திரி.

என்ன வகை, எந்த அடுக்கு, எவ்வளவு பழசு? இனி யாரும் சொல்ல முடியாது. என் சொந்த ப்ருஹத்காயோசாரஸ் அது.

அதனால் அந்தப் பக்கத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏதாவது வித்தியாசமாகக் கிடைத்தால் பிடுங்காதீர்கள், கழுவாதீர்கள். பக்கத்தில் ஒரு பேனாவோ ஸ்கேலோ வைத்துப் படம் எடுங்கள். இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனா அதைப் பொதுவில் போடாதீர்கள். கல் வியாபாரிகளும் போன் வைத்திருக்கிறார்கள். வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ புவியியல் ஆய்வுத்துறைக்கோ சொல்லுங்கள். அரியலூர் பக்கம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமே இருக்கிறது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நடை போய் வாருங்கள். நான் போன தீபாவளி லீவில் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தட்டு அகல அம்மோனைட் இருந்தது.

ரொம்ப நேரம் நின்னு பார்த்தேன். எங்க வீட்டுக் கல் இல்லைனு தெரியும். இருந்தாலும் ஒரு பக்கம் தேய்ஞ்சிருக்கானு குனிஞ்சு பார்த்துட்டுத்தான் வந்தேன்.